நிறுத்தி வைத்து மூட வேண்டும்

அது என் கண்ணிலும் பட்டதுதானே. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷம் பட்டுக்கொண்டே இருந்தது. கூரை ஒழுகியபோது அந்தத் தகட்டைத்தான் எடுத்து வாளிக்கு மேல் சாய்த்து வைத்தேன். அப்போதும் அதன் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் விழுந்திருக்கும். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்படி நினைத்துக்கொண்டே ரேவின் கைதட்டினாள். கையில் தோலுறை இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை. உறையைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை தட்டினாள்.

ஷெட்டின் பெஞ்சு மேல் வெரிட்டி கொண்டு வந்து வைத்த சட்டகம் இருந்தது. பழைய கணினிக் கீபோர்டு ஒன்றை உள்ளே பொருத்தி மூடுவதற்கான பித்தளை உடுப்பு. இன்னும் உள்ளே எதுவும் இல்லை. விசைகள் வர வேண்டிய இடத்துக்குப் பின்னால், கம்பளி மூட்டைகளில் பண்ணைப் பெயரை மையால் அடிக்கும் அச்சுத் தகடு ஒன்றை லேசாக வளைத்து நிறுத்தியிருந்தாள். 'ஸ்டோனிபர்ன்' என்று எழுத்துகளை வெட்டியெடுத்த தகடு. அதன் முதுகில் ஒரு சிறிய மஞ்சள் பல்பு. வெரிட்டி சுவிட்சைப் போட்டபோது பண்ணையின் பெயர் எழுத்து எழுத்தாகப் பெஞ்சின் மேல் சாய்ந்து விழுந்தது. விசைகள் பொருத்திய பிறகு அந்த வெளிச்சம் தட்டுகிறவரின் விரல்கள் மேல் விழும். அறுபது வருஷத்துக் கறுப்பு மை தகட்டின் ஓரங்களில் அப்படியே இருந்தது. வெரிட்டி அதைத் தேய்த்து எடுக்கவில்லை.

நானாக இருந்தால் தேய்த்திருப்பேன், என்று ரேவினுக்குத் தோன்றியது. தேய்த்துப் பளபளப்பாக்கி, அதைக் கொன்றிருப்பேன்.

"அடேயப்பா!" என்றான் கிரேம். அவன் ரேவினின் கணவன். முப்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்து முதுகு போன பிறகு இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். கதவில் சாய்ந்து, தேநீர்க் குவளையோடு நின்றிருந்தான். "வெரிட்டி, இது கீபோர்டா இல்ல சர்ச்சா? உள்ள போறதுக்கு முன்னாடி தொப்பிய கழட்டணும் போல இருக்கே."

"நீ முதல்ல பூட்ஸ கழட்டு. ரே தரைய எப்படிக் கூட்டி வெச்சிருக்கா பாரு" என்றாள் வெரிட்டி.

"அவளோடதையும் பாத்தியா? முடிச்சிட்டா."

அலமாரியில் ரேவினின் கீபோர்டு இருந்தது. இடித்துப்போட்ட கம்பளிக் கொட்டகையின் ரிமு மரத்தில் செய்த சட்டகம். துருப்பிடித்து இறுகிப்போன இரண்டு டைப்ரைட்டர்களிலிருந்து எடுத்த வட்ட விசைத்தலைகள். ஓடக்கூடிய டைப்ரைட்டரை அவள் ஒருபோதும் வெட்டமாட்டாள். அந்தக் காலத்து டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. அதனால் ஆட்டின் காதில் மாட்டும் பித்தளை வில்லை ஒன்றைத் தேடி எடுத்து, அதில் பொறித்திருந்த ஒன்று தெரியும்படி வட்டமாக வெட்டிப் பொருத்தியிருந்தாள். அந்த ஒரு விசைக்கு நான்கு நாள் ஆனது.

கிரேம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உன்னோடது மந்தை நாய், ரே. ஒரு விசில் அடிச்சா போதும், பொழுது சாயற வரைக்கும் வேலை செய்யும். இவளோடது கண்காட்சிக்குப் போற நாய். ரெண்டும் நாய்தான், கோச்சுக்காத."

"இன்னிக்கு உனக்கு ராத்திரி சோறு கிடையாது பாரு" என்று வெரிட்டி சிரித்தாள்.

"அவ என்ன போடறது? நான்தான சமைக்கிறேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். ரேவின் மற்ற இருவரையும் விட ஒரு நொடி கூடுதலாகச் சிரித்தாள். கிரேம் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். மந்தை நாயை விட உயர்ந்த பிராணி அவனுக்கு உலகத்திலேயே கிடையாது. அவளுக்கு அது தெரியும். தெரிந்திருந்தும் அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள்ளைப் போல நின்றுகொண்டது.

தகட்டைக் கொடுத்தது அவளேதான். போன மாதம் வெரிட்டி ஷெட்டின் மூலையில் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருந்தபோது, "ரே, இது யாருக்காவது வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். "எடுத்துக்கோ. எங்கிட்ட இன்னும் நாலு கிடக்கு" என்று ரேவின் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். கீபோர்டையும் அவள்தான் கொடுத்தாள். ஆட்டிறைச்சி ஆலையின் அலுவலகத்தைக் காலி செய்தபோது தூக்கியெறிந்த இரண்டு பழைய கீபோர்டுகள், ஒரே வருஷம் செய்தவை, ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்தவை. ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை வெரிட்டிக்குக் கொடுத்தாள்.

கொடுப்பது அவளுக்குப் பழக்கம். பதினோரு வருஷமாகக் குப்பைக் கிடங்கை ஒட்டிய கடையில் வேலை. வண்டி வண்டியாக வந்து கொட்டுவதிலிருந்து தேறுவதைப் பிரித்து, கழுவி, அலமாரியில் அடுக்குவது. ஜூன் மாதக் குளிரில் நடக்கும் விழாவுக்கு ஒமாரு ஊரே நீராவிக்காலத்து ராணிகளும் விமானிகளுமாக வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கும்போது, அவர்கள் தொப்பியில் இருக்கும் பல்சக்கரமும் இடுப்பில் தொங்கும் அழுத்தமானியும் பெரும்பாலும் ரேவினின் கை பட்டுப் போனவை. "நீ இல்லன்னா நாங்க எங்க போறது, ரே" என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளப் போய்விடுவார்கள்.

இந்த வருஷம்தான் முதல் முறையாக அவளும் ஒன்றை ஆசைப்பட்டாள். துறைமுகத்தை ஒட்டிய பழைய தானியக் கிடங்கின் வாசலில், வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தட்டிவிட்டு உள்ளே போக ஒரு கீபோர்டு வைக்கப்போகிறார்கள். விழா சனிக்கிழமையன்று, கொண்டுவந்து வைப்பவற்றிலிருந்து குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அது அங்கேயே நிரந்தரமாக இருக்கும். செய்தவரின் பெயரைப் பித்தளைப் பட்டையில் பொறித்து முன்னால் அறைவார்கள்.

யாருக்கும் தெரியாத ஒன்றை ரேவின் செய்திருந்தாள். சுண்டுவிரல் நீளத்துக்குப் பித்தளைப் பட்டை ஒன்றை வெட்டி, எழுத்து உளிகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் தட்டி, 'ரேவின் கெர் செய்தது' என்று பொறித்துவிட்டாள். ஏப்ரல் மாதமே. அதைத் துணியில் சுற்றித் திருகாணி டப்பாவின் அடியில் வைத்திருந்தாள். ஐம்பத்துநான்கு வயதில் இது என்ன கூத்து என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

வெரிட்டி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் டனீடின் நகரத்திலிருந்து, விவாகரத்துக்குப் பிறகு, தையல் மிஷினோடும் ஒரு பூனையோடும் வந்து இறங்கியவள். நாடகக் குழுக்களுக்கு உடை தைத்தவள். ரேவினுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது இரண்டு வாரம் தினமும் சூப் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்து, தையல் வலிக்கிறது போதுமடி என்று கெஞ்ச வைத்தவள். அவள் ஒரு அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். ரேவினும் திருப்பியிருக்கிறாள். அவளை நேசிப்பதில் ரேவினுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அதனால்தான் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்த கணத்தில் தன் நெஞ்சுக்குள் எழுந்தது என்ன என்று பெயர் வைக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது.

பொறாமைக்கு ஒரு முகம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். சுளித்த வாய், இடுங்கிய கண். அப்படி எதுவும் இல்லை. அது அவளுடைய தினசரி முகத்தோடேயே வந்து பெஞ்சைத் துடைத்தது. வெரிட்டிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது. "இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோ" என்றது.

அடுத்த வாரம் வெரிட்டி மறுபடியும் வந்தாள். கீபோர்டின் உள்பாகத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து மூட வேண்டும். அவள் வீட்டில் இவ்வளவு பெரிய பெஞ்சு இல்லை.

அந்தப் பழைய கீபோர்டுகளின் உள்ளே இரண்டு தகடுகள், நடுவில் நூறு ஸ்பிரிங். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நுனியிலும் நகம் அளவு பிளாஸ்டிக் பாதம். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் முளைகள் காலப்போக்கில் உதிர்ந்துவிடும். அவற்றை எல்லாம் சீவி எடுத்துவிட்டு, துளை போட்டு, அரிசி அளவு போல்ட்டுகளால் மறுபடி பிணைக்க வேண்டும். பிணைக்கும்போது ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். மொத்தத்தையும் நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்துத்தான் மூட வேண்டும். அப்போதுதான் நூறு பாதங்களும் தத்தம் பள்ளத்தில் சரியாகத் தொங்கும். படுக்க வைத்து மூடினால் சில பாதங்கள் உருண்டு பக்கவாட்டில் விழுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விசை இறங்கும், ஏறும். எழுத்து மட்டும் வராது. இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் முதலில் செய்யும் தப்பு. ரேவினே மூன்று முறை செய்திருக்கிறாள்.

வெரிட்டி உள்பாகத்தைத் துண்டு விரித்த பெஞ்சின் மேல் படுக்க வைத்தாள். மேல் தகட்டை எடுத்தாள்.

ரேவின் பெஞ்சின் மறுமுனையில் தன் விசைத்தலைகளின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"உன் பெஞ்சு ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு, ரே" என்றாள் வெரிட்டி அதே நேரத்தில், கண்ணை எடுக்காமல். "ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்தா கூட நீ வந்து அரெஸ்ட் பண்ணிடுவியோன்னு பயமா இருக்கு. உனக்கு எப்படித்தான் இந்தப் பொறுமை வருதோ. எனக்கெல்லாம் இந்த உள்வேலை ஆகவே ஆகாதும்மா. வெளிய அழகா இருந்தா போதும்."

ரேவினின் வாய் மூடிக்கொண்டது.

அவள் பிறகு அந்தக் கணத்துக்குப் பலமுறை திரும்பிப் போய்ப் பார்த்தாள். வெரிட்டி மேல் கோபம் வந்ததா? இல்லை. பழிவாங்க நினைத்தாளா? அதுவும் இல்லை. வெளிய அழகா இருந்தா போதும் என்று அவள் சொன்னாள். சரி, அழகு மட்டும் இருக்கட்டும், என்று உள்ளே ஏதோ ஒன்று மிக அமைதியாகச் சொன்னது. அவ்வளவுதான். மேல் தகடு இறங்கியது. வெரிட்டி பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே முதல் போல்ட்டைத் திருகினாள். பிறகு இரண்டாவது. அறுபது போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு தடவை ரேவினுக்குச் சொல்ல வாய்ப்பு இருந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இருபதாவது போல்ட் வந்தபோது, இனி சொன்னால் 'ஏன் முதல்லயே சொல்லல' என்று கேட்பாளே என்று தோன்றியது. நாற்பதாவதில் அது ஒரு நியாயமான காரணமாகவே ஆகிவிட்டது.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தபோது வெரிட்டி போன் செய்தாள்.

"வெளிச் சட்டகத்த மூடி ரிவிட் அடிச்சாச்சு! அசல் பித்தளை ரிவிட், போல்ட் இல்ல. போல்ட் வெச்சா புதுசு மாதிரி தெரியுது. கை வீங்கிப் போச்சு, ஆனா பாத்தா செத்துடுவ."

"எல்லா விசையும் தட்டிப் பாத்தியா?" என்று ரேவின் கேட்டாள். குரல் சாதாரணமாக வந்தது.

"பாத்தேனே. என் பேர அடிச்சேன், பூனை பேர அடிச்சேன். ஜோரா வந்துச்சு. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன். ஒவ்வொண்ணா பாத்துடு."

"நீ ஒருத்திதான் நோட்டு போட்டு டிக் அடிப்ப. சரி சரி, பாக்கறேன் டீச்சர்."

பார்க்கமாட்டாள். ரேவினுக்குத் தெரியும். போனை வைத்த பிறகு, கேட்டேனே, சொன்னேனே என்று இரண்டு முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது முறை சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை தெற்கிலிருந்து காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்தது. தானியக் கிடங்கின் வெள்ளைக் கல் சுவர்களுக்குள்ளும் மூச்சு புகையாகத் தெரிந்தது. தரைப் பலகைகளுக்கு அடியில் குடியிருக்கும் பெங்குவின்களின் மீன் வாடையை, வாசலில் சூடான சீஸ் ரோல் விற்றவளின் வெங்காய மணம் பாதிதான் மறைத்தது. ஐந்து கீபோர்டுகள் வந்திருந்தன. மூன்று வெறும் விளையாட்டு. பொம்மைக் கடிகார முட்களை ஒட்டிப் பொன்நிறச் சாயம் அடித்தவை.

கூட்டம் வெரிட்டியின் மேஜையைச் சுற்றி நின்றது. கிடங்கின் மங்கலில் அந்தப் பெயர் விசைகள் மேல் விழுந்து கிடந்தது. கம்பளிக்காரக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஸ்டோனிபர்ன்ல நான் எட்டு வருஷம் மூட்டைல பேரு அடிச்சேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. அவரைப் பார்த்து இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெரிட்டி, பச்சை வெல்வெட் கோட்டும் உயரமான தொப்பியுமாக, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாடகம் இல்லை. அவள் கண்ணும் நிஜமாகவே கலங்கியிருந்தது.

ரேவினின் மேஜைக்கும் ஆட்கள் வந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள். "அருமையா ஓடுது, ரே." "உறுதியா இருக்கு." "பேரப்பசங்க அடிச்சாலும் தாங்கும்." ஒருவரும் ஒன்று என்ற விசையைக் கவனிக்கவில்லை. கோட்டுப் பையில், துணியில் சுற்றிய பட்டையின் முனை அவள் இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. எதற்காக அதை எடுத்து வந்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

குழுவின் தலைவர் அலஸ்டர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், எழுபது வயது, நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டர் கண்ணாடியோடு ஒரு மணிக்கு வந்தார். தேர்வு நான்கு மணிக்கு. அதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் வாசல் கணினியில் செருகிப் பார்க்க வேண்டும். நேராக வெரிட்டியின் மேஜைக்குப் போனார்.

"எங்க, ஊர் பேரை அடிக்கலாம்" என்றார்.

அடித்தார். திரையில் பாதி எழுத்துகள்தான் வந்தன. மறுபடி அடித்தார். ஒரு விசையை நான்கு தரம் குத்தினார். எதுவும் வரவில்லை.

"கை குளிர்ல விறைச்சிருக்கும், அலஸ்டர். அழுத்தி அடிங்க" என்றாள் வெரிட்டி சிரித்துக்கொண்டே. தானே குனிந்து வரிசையாகத் தட்டினாள். அவள் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. பதினேழு விசைகள் ஊமையாக இருந்தன. ரேவின் தன் மேஜையில் நின்றபடியே எண்ணிவிட்டாள்.

இதற்காகத்தானே காத்திருந்தாய், இதோ, என்று தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. வந்திருந்தால் தன்னைப் புரிந்துகொள்ள வசதியாக இருந்திருக்கும். வந்தது ஒரு வகையான பசி. அதுவும் அடங்கவில்லை. ஊமையாக இருந்தும் அந்தக் கீபோர்டு அழகாகத்தான் இருந்தது. கூட்டம் அதன் பக்கத்திலிருந்து நகரவே இல்லை. கம்பளிக்காரக் கிழவர், "அய்யோ பாவம்" என்றார், உடம்பு சரியில்லாத குழந்தையைச் சொல்வதைப் போல.

வெரிட்டி ரேவினின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம், பழைய தராசு வைத்திருந்த மூலைக்குப் போனாள். அலஸ்டரும் பின்னால் வந்தார்.

"ரே, என்னாச்சு இதுக்கு? முந்தாநேத்து நல்லா இருந்துச்சு. ஒயர் விட்டுப்போச்சா?"

"ஒயர் இல்ல. உள்ள பாதம் உருண்டிருக்கு. பிரிச்சு, திரும்ப எல்லாத்தையும் வெச்சு மூடணும். ஒரு நாள் வேலை."

"ஒரு நாளா! நாலு மணிக்கு..." வெரிட்டி தொப்பியைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்தாள். உடனே அவள் கண் மின்னியது. அந்த மின்னல் ரேவினுக்குத் தெரியும். ஷெட்டின் மூலையில் தகட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோதும் அப்படித்தான் மின்னியிருக்க வேண்டும். "ரே! உன்னோடதும் என்னோடதும் ஒண்ணுதானே? ஒரே குப்பைத்தொட்டி, ஒரே வருஷம். ஆறு ரிவிட்ட துளைச்சு எடுத்துட்டா என் உள்பாகம் வெளிய வந்துடும். உன்னோடத அதுல இறக்கிடலாம். விசைத்தலை மட்டும் மாத்தணும். ரெண்டு மணி நேரம். நீ கூட இருந்தா ஒண்ணரை."

"நல்ல யோசனை" என்றார் அலஸ்டர். "இதோ பாரு ரே, ஒளிச்சு வெச்சுப் பேசல. குழுவுல எல்லாருக்கும் வெரிட்டி செஞ்சதோட முகப்பு பிடிச்சுப்போச்சு. ஆனா ஓடாத சாமான வாசல்ல வைக்க முடியாது. உன்னோடது ஓடுது, அது எல்லாருக்கும் தெரியும். பட்டைல ரெண்டு பேர் பேரும் போடறோம். வெரிட்டி, ரேவின். யாருக்கும் குறை இல்ல."

"ரேவின், வெரிட்டின்னு போடுங்க. அவ பேரு முதல்ல" என்றாள் வெரிட்டி. உண்மையாகவே சொன்னாள்.

ரேவின் தராசைப் பார்த்தாள். எடைக்கற்கள் எப்போதோ காணாமல் போயிருந்தன.

"அலஸ்டர், ஒரு ரெண்டு நிமிஷம். நான் இவகிட்ட தனியா பேசணும்."

அவர் சீஸ் ரோல் வாங்கப் போனார்.

"நீ எங்க ஷெட்ல அத மூடினல்ல" என்றாள் ரேவின். "படுக்க வெச்சு மூடினே. நிறுத்தி வெச்சுத்தான் மூடணும். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

காற்று கதவை ஒருமுறை அறைந்து திறந்தது.

"பாத்துட்டு?"

"சொல்லல."

"மறந்துட்டியா?"

"இல்ல. மறக்கல."

வெரிட்டியின் முகத்தில் ஏதாவது ஒன்று உடையும் என்று ரேவின் எதிர்பார்த்தாள். அது உடைந்துவிட்டால் தானும் அழுது தீர்த்துவிடலாம் என்று காத்திருந்தாள். வெரிட்டி கீழே பார்த்தாள், கையுறையின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அந்தத் தகட்டுனாலயா?"

"ம்."

"நான் லைட்ட போட்டப்பவே உன் மூஞ்சிய பாத்தேன், தெரியுமா. அப்பவே நினைச்சேன், கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்னு. அப்புறம் நீ கைதட்டின, சரின்னு விட்டுட்டேன்." அவள் ரேவினின் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள், சூப் கொண்டுவந்த நாட்களில் போர்வையைச் சரிசெய்த மாதிரி. "உன் இடத்துல இருந்தா நானும் பொறாமைப்பட்டிருப்பேன். விடுடி. போனது போச்சு. இப்ப மணி ஒண்ணரை. வா, துளைக்கிற மிஷின் என் வண்டிலயே இருக்கு."

மன்னிப்பது கூட இவளுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே, என்று ரேவின் நினைத்தாள். மூன்று வாரம் நான் வயிற்றில் சுமந்த கல்லை ஒரு நொடியில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வா என்கிறாள். இதிலும் அவள்தான் அழகாக இருக்கிறாள். தான் நல்லவளாக மாற வேண்டிய கணம் இதுதான் என்பதும், தன்னுள் எதுவுமே மாறவில்லை என்பதும் ஒரே நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு பெயர்கள். அவள் பெயர் முதலில். அவள் செய்த தப்புக்கு இதைவிடச் சின்னப் பரிகாரம் கிடைக்காது. வாசலில் வருஷக்கணக்காக அவளுடைய ஸ்பிரிங்குகள் ஓடும். யாரோ ஒருவரின் பெயர், வெளிச்சத்தில் குளித்த விரல்களின் கீழே, ஒரு எழுத்துகூடத் தவறாமல் வரும். அது ஓடுவது அவளால் என்று பட்டையைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு ரிமு மரச் சட்டகம் மட்டும் காலியாக ஷெட்டுக்குத் திரும்பும், ஆட்டு வில்லையில் வெட்டிய ஒன்றின் விசை ஒரு டப்பாவில் கிடக்கும். நாலு நாள் வேலை.

"உன்னோடத நாளைக்குக் காலைல கொண்டு வா" என்றாள். "நானே பிரிச்சு, நிறுத்தி வெச்சு மூடித் தரேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காந்து டீ குடி."

"நாளைக்கு எதுக்குடி? இன்னிக்கு நாலு மணிக்குத் தேர்வு."

"தெரியும்."

அலஸ்டர் காகிதத்தில் சுற்றிய மூன்று சீஸ் ரோல்களோடு வந்து, ஒன்றை ரேவினின் கையில் வைத்தார். அது சூடாக இருந்தது.

"என்ன, பேசி முடிச்சாச்சா? ஆரம்பிக்கலாமா?"

"ரே?" என்றாள் வெரிட்டி. முதல் முறையாக அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. "ப்ளீஸ்."

ரேவின் தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள். இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். சீஸ் ரோலைக் கீபோர்டில் எண்ணெய் படாத தூரத்தில் வைத்தாள். விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, வில்லை விசையின் மேல் படிந்திருந்த தூசியை ஊதினாள்.

"இல்ல, வெரிட்டி" என்றாள். "நான் இதப் பிரிக்கப் போறதில்ல."